நெதர்லாந்தின் ‘லவ்’ குழு அபாவின் நகல்தானா?

பழைய டிஸ்கோ பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்கும் நண்பர் ஒருவர், ‘யூ ஆர் தி கிரேட்டஸ்ட் லவர்’ பாட்டை முதல் தடவை கேட்டபோது சுவீடனின் புகழ்பெற்ற அபா குழு என்றே நினைத்துவிட்டாராம். பாடியது நெதர்லாந்தின் ‘லவ்’ என்ற மூன்று பெண்கள் குழு என்று தெரிந்ததும் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். இவர்கள் அபாவின் நகல்தானா? இத்தனை ஹிட் கொடுத்தவர்கள் ஏன் நான்கே வருடத்தில் முடிந்துபோனார்கள்? நான் இந்தக் குழுவை வெகுநாளாக விரும்பிக் கேட்பவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் பெயர். காதலுக்கான ஆங்கிலச் சொல்லைப் பேச்சுவழக்கில் சுருக்கி மூன்றே எழுத்தில் (Luv’) எழுதி, கடைசியில் ஒரு மேற்குறியும் போடுவார்கள். இசைத்தட்டு உறைகளில் அந்தக் குறி தவறாமல் இருக்கும். ‘லவ்’ என்று சும்மா தேடினால் உலகத்துப் பாட்டெல்லாம் வந்து நிற்கும். அந்த எழுத்துக்கூட்டலோடு தேடினால்தான் இவர்கள் கிடைப்பார்கள்.

சரி, நகலா? குழுவை உருவாக்கியவர்களின் கதையைக் கேட்டால் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பாடல்களை எழுதித் தயாரித்தவர்கள் ஹான்ஸ் ஃபான் ஹெமர்ட், பீட் சௌவர் என்ற இரண்டு பேர். ஃபான் ஹெமர்ட் அதற்கு முன்பே பெயர் எடுத்தவர். ‘மவுத் அண்ட் மெக்நீல்’ என்ற ஆண்-பெண் ஜோடிக்கு அவர் செய்த ‘ஹவ் டூ யூ டூ’ 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா வரை போனது. அதே ஜோடி 1974ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த, ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அவர் இசையமைத்த ‘ஐ ஸீ எ ஸ்டார்’ பாட்டைப் பாடி மூன்றாவது இடம் பிடித்தது. அந்த வருடம் முதலிடம் யாருக்கு? ‘வாட்டர்லூ’ பாடிய அபாவுக்கு. அபா உலகப் புகழுக்குள் நுழைந்த இரவில் அதே மேடையில் தன் பாட்டோடு போட்டியில் இருந்தவர் ஃபான் ஹெமர்ட். அபா எப்படி ஜெயித்தது என்று கூடவே இருந்து பார்த்த ஓர் இசைக்காரர் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். கோரஸ் வரும் இடத்தில் குரல்களை அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு சுவர் போல எழுப்புவது, வரியின் கடைசிச் சொல்லில் மெட்டை மேலே தூக்குவது எல்லாம் அபாவின் ஊரான ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த பாடம்தான்.

ஆனால் தொடக்கத்தில் இவர்கள் பார்த்த திசை அது இல்லை. 1970களின் நடுவில் ஜெர்மனியின் ஸ்டுடியோக்களில் ஒரு புது முறை வேலை செய்துகொண்டிருந்தது. தயாரிப்பாளர் முதலில் பாட்டைச் செய்வார், பிறகு அதைப் பாடவும் ஆடவும் பெண்களைத் தேடுவார். மியூனிக்கின் ‘சில்வர் கன்வென்ஷன்’ அப்படி வந்தது. ஸ்பெயின் பெண்கள் இருவர் ஜெர்மனிக்கு வந்து பாடிய ‘பக்காரா’வும் அந்தக் காலத்ததுதான். லவ் குழுவும் இதே வழியில் சேர்க்கப்பட்டது. 1977ல் வந்த முதல் பாட்டு ‘மை மேன்’ நிதானமாக நகரும் டிஸ்கோ. அதில் அபாவின் சாயலை விட மியூனிக்கின் சாயல்தான் அதிகம். நெதர்லாந்தின் பாட்டுத் தரவரிசையான டாப் 40ல் அது ஓரளவு நல்ல இடம் பிடித்தது. அடுத்த பாட்டு ‘டிரீம், டிரீம்’ எடுபடவில்லை. இரண்டாவது பாட்டோடு முடிந்துபோன குழுக்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ. இதுவும் அப்படிப் போயிருக்கலாம்.

காப்பாற்றியது ஒரு தொலைக்காட்சித் தொடர். இந்த இடத்தில்தான் லவ்வின் கதை முழுக்க நெதர்லாந்துக் கதையாகிறது. விம் டி. ஸ்கிப்பர்ஸ் என்ற கலைஞர் 1978ல் வி.பி.ஆர்.ஓ. என்ற ஒளிபரப்பு நிறுவனத்துக்காக ஒரு நகைச்சுவைத் தொடர் செய்தார். அவருடைய நகைச்சுவை விசித்திரமானது. மரியாதைப்பட்ட ஆட்களை முகம் சுளிக்க வைப்பதே அவருக்கு வேலை. கதை நடப்பது ‘வால்டோலாலா’ என்ற இரவு விடுதியில். விடுதிக்காரர் வால்டோவாக நடித்தவர் டால்ஃப் பிரௌவர்ஸ் என்ற வயதான நடிகர். அந்தத் தொடரின் தொடக்கப் பாட்டுதான் லவ் பாடிய ‘யூ.ஓ.மீ’. தலைப்பே ஒரு சொல்விளையாட்டு. ஆங்கில எழுத்துகளாக வாசித்தால் ‘நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய்’ என்று கேட்கும். கோரஸில் விடுதியின் பெயர் திரும்பத் திரும்ப வரும். அர்த்தமே இல்லாத அந்த ‘வால்டோலாலா’வை ஒரு தடவை கேட்டால் போதும், நாள் முழுக்க வாயில் நிற்கும். பாட்டு டாப் 40ன் உச்சிக்கு அருகே போனது. லவ்வுக்குத் தன் சொந்தக் குரல் கிடைத்தது அன்றுதான் என்பது என் கணக்கு. பித்தளைக் கருவிகளின் கூச்சல், திருவிழா ஊர்வலம் போல நடக்கும் தாளம், கூடவே கொஞ்சம் குறும்பு. அபாவின் பாட்டில் எப்போதும் ஓரத்தில் ஒரு சோகம் நிற்கும். இவர்களிடம் அது கிடையாது, முழுக்கக் கொண்டாட்டம்.

இனி அந்த மூன்று பேர். ஜோசே ஹூபே தெற்கே ஐண்ட்ஹோவன் பக்கத்தில் இருக்கும் பெஸ்ட் என்ற ஊர்க்காரர். மார்கா ஸ்கைடே ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், மாடலாக இருந்தவர். பேட்டி பிரார்ட் பிறந்தது நியூ கினி தீவின் சோரோங் நகரில். அப்போது அந்தப் பகுதி நெதர்லாந்தின் ஆட்சியில் இருந்தது, இன்று இந்தோனேசியாவில் இருக்கிறது. மேடையில் கண் முதலில் பிரார்டின் மேல்தான் போகும். பேச்சும் துடிப்பும் அவரிடம் அதிகம். மார்காவுக்குத் தோற்றமும் நிற்கும் விதமும். ஆனால் பாட்டைத் தாங்கியது ஹூபேயின் குரல் என்று தயங்காமல் சொல்வேன். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கோரஸில் மூன்று குரலும் ஒன்றாக வரும்போதும் சுருதியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பது அந்தக் குரல்தான். பார்க்க அழகாக இருக்கிறார்கள் என்பதற்காக இந்தக் குழுவை லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்க வேண்டும்.

1978ன் பிற்பாதி அவர்களுடையது. ‘யூ ஆர் தி கிரேட்டஸ்ட் லவர்’ நெதர்லாந்தில் முதலிடம், பெல்ஜியத்திலும் முதலிடம். ஜெர்மனியில் முதல் ஐந்து இடங்களுக்குள். வருடக் கடைசியில் வந்த ‘ட்ரோஜன் ஹார்ஸ்’ சொந்த நாட்டில் மறுபடி முதலிடம், ஜெர்மனியில் மறுபடி அதே வரவேற்பு. அடுத்து 1979ல் ‘காஸனோவா’.

இந்தத் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். வால்டோலாலா, ட்ரோஜன் குதிரை, காஸனோவா, ‘ஈனி மீனி மைனி மோ’. இவற்றில் எதையும் ஒரு ஜெர்மன்காரருக்கோ ஆஸ்திரியாக்காரருக்கோ மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று, ஐரோப்பா முழுக்கப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த பெயராக இருக்கும், இல்லையென்றால் வெறும் ஓசையாக இருக்கும். அப்போது நெதர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 1.4 கோடி. அந்தச் சந்தையை மட்டும் நம்பி இசைத்தட்டு விற்றால் கட்டுப்படியாகாது. பக்கத்து நாட்டுக்கு விற்றாக வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் பாட வேண்டும், அந்த ஆங்கிலம் ஆங்கிலமே சரியாகத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது கைத்தொழில் நுணுக்கமாகத் தெரிகிறது. ஹோமரின் மரக்குதிரையை மூன்று நிமிட டிஸ்கோ காதல் பாட்டுக்குள் கொண்டுவந்து, அதைக் குழந்தைகளும் சேர்ந்து பாடும்படி செய்வது லேசான வேலையா என்ன?

இன்னொரு சுவாரசியம்: ஃபான் ஹெமர்ட்டும் சௌவரும் இந்தப் பாடல்களுக்குத் தங்கள் சொந்தப் பெயரைப் போடவில்லை. இசைத்தட்டில் ‘யான்சென் அண்ட் யான்சென்ஸ்’ என்ற புனைபெயர்தான் இருக்கும். டின்டின் காமிக்ஸில் ஒரே மாதிரி மீசையும் தொப்பியுமாக இரண்டு துப்பறிவாளர்கள் வருவார்களே, டச்சு மொழியில் அவர்களின் பெயர் யான்சன், யான்ஸன். அதை வைத்துச் செய்த விளையாட்டு. இசைத்தட்டை வாங்கிய நெதர்லாந்துக்காரர்கள் அதைப் பார்த்ததுமே சிரித்திருப்பார்கள்.

தொலைக்காட்சியைச் சொல்லாமல் லவ்வின் வெற்றியைச் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் ‘டாப்பாப்’, ஜெர்மனியில் ‘மியூசிக்லாடன்’ போன்ற நிகழ்ச்சிகள் வழியாகத்தான் அன்று பாட்டு வீட்டுக்குள் வந்தது. பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கு வாயசைப்புதான். அதனால் ஆடையும் அசைவும் பாட்டின் பாதி. இவர்களின் ஆட்டம் கஷ்டமானதே இல்லை. கை இப்படி, இடுப்பு அப்படி, ஒரு சுற்று, மூன்று பேரும் ஒரே நேரத்தில். டிவி முன்னால் நிற்கும் பத்து வயதுப் பெண் இரண்டாவது கோரஸுக்குள் கற்றுக்கொள்ளும் அளவுக்கு எளிது. வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது இரண்டாவது கேள்வி. ஏன் முடிந்தது?

1978ல் முதல் ஆல்பம் ‘வித் லவ்’. 1979ல் ‘லாட்ஸ் ஆஃப் லவ்’, அதே வருடம் ‘ட்ரூ லவ்’. 1980ல் ‘ஃபாரெவர் யுவர்ஸ்’. சுமார் இரண்டு வருடத்தில் நான்கு ஆல்பம். நடுவில் தனிப்பாட்டுகள், அவற்றுக்காக நாடு நாடாகத் தொலைக்காட்சிப் பயணம். நடுவில் பிலிப்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தை விட்டு சி.என்.ஆர். நிறுவனத்துக்கு மாறினார்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்த முதல் பாட்டு ‘ஊ, யெஸ் ஐ டூ’ மறுபடி பெரிய ஹிட். நெதர்லாந்தின் இசை ஏற்றுமதிக்கென்று தரும் கோனாமஸ் பரிசும் கிடைத்தது. ஐரோப்பாவைத் தாண்டி மெக்சிகோவிலும் ரசிகர்கள் சேர்ந்தார்கள். கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேகத்துக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர்கள் அதே இரண்டு பேர், பாடியவர்கள் அதே மூன்று பேர். பாடல்களை வந்த வரிசையில் கேட்டால் தேய்மானம் காதிலேயே தெரியும். ‘ட்ரோஜன் ஹார்ஸ்’ பாட்டில் இருந்த துள்ளல் 1980ன் பாடல்களில் ஒரு பழக்கமாக மாறிவிட்டது. மெட்டு அழகாகவே இருக்கும், ஆனால் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ‘ஆன்-மரியா’வை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதில் அவர்கள் வேகத்தைக் குறைத்து மூச்சு விடுகிறார்கள். அந்த வழியில் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாமே என்று அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

1980 ஆகஸ்டில் பிரார்ட் விலகினார். அவர் இடத்துக்கு ரியா தீல்ஷ் வந்தார். ரியா நல்ல பாடகி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரு பெண்கள் குழுவை ரசிகர்கள் மூன்று முகமாக நினைவில் வைத்திருக்கும்போது ஒரு முகம் மாறினால் அது வெறும் ஆள் மாற்றம் ஆகாது. அபாவிலிருந்து ஒருவர் போய் இன்னொருவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. அபாவில் பாட்டு எழுதியவர்கள் குழுவுக்குள்ளேயே இருந்தார்கள். பென்னியும் பியோர்னும் எப்போது ஓய்வெடுப்பது, எப்போது பாணியை மாற்றுவது என்று தாங்களே முடிவு செய்ய முடிந்தது. லவ்வின் பெண்களுக்கு அந்தப் பிடி கிடையாது. பாட்டு, பாணி, பயணம் எல்லாம் வெளியே இருந்து வந்தது. அவர்கள் கையில் இருந்தது ஒன்றுதான்: இருப்பதா, போவதா. ஒருவர் போனார். மற்றவர்கள் 1981 வசந்தத்தில் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். நான்கு வருடத்தில் முடிந்ததற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதையும் நான் தேடவில்லை.

நகலா என்ற கேள்விக்கும் இதே இடத்திலிருந்துதான் என் பதில். ஓசையில் அபாவிடம் வாங்கிய கடன் உண்டு, ஒளிக்க வேண்டியதில்லை. குழு அமைந்த விதம் ஜெர்மனியிடம் கற்றது. அந்தக் குறும்பும் ஊர்வலத் தாளமும் நெதர்லாந்தின் சொந்தச் சரக்கு. அதோடு, நெதர்லாந்து அப்போது யாரையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாடும் இல்லை. ‘ஷாக்கிங் புளூ’வின் ‘வீனஸ்’ 1970லேயே அமெரிக்காவில் முதலிடம் வந்துவிட்டது. 1975ல் யூரோவிஷனை ஜெயித்தது நெதர்லாந்தின் ‘டீச்-இன்’. 1976ல் லிம்பர்க் மாகாணத்து மூன்று சகோதரிகளை முன்னால் வைத்த ‘புஸ்ஸிகேட்’ குழு ‘மிசிசிப்பி’ பாட்டோடு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. லவ் இந்த வரிசையில் வருகிறது. பிரிட்டன் மட்டும் இவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை, அது ஒரு குறைதான்.

அப்புறம் என்ன ஆனார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த பகுதி அதில்தான் இருக்கிறது. 1982ல் ஹூபே தனியாக ‘ஐ வில் ஃபாலோ ஹிம்’ பாடினார். 1963ல் அமெரிக்காவில் லிட்டில் பெக்கி மார்ச் பாடிப் புகழ்பெற்ற பழைய பாட்டு. ஹூபேயின் பதிவு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் முதலிடம் வந்தது. மூன்று பேராக இல்லாமல், கூட ஆட்டம் இல்லாமல், அந்தக் குரலுக்கே கிடைத்த முதலிடம் அது. பிறகு பானி செயின்ட் கிளேர் என்ற பாடகியோடு சேர்ந்து ‘கஸாண்ட்ரா’ பாடினார். அது அபாவின் பாட்டு, அபா அதைத் தனிப்பாட்டுத் தட்டின் பின்பக்கத்தில் போட்டிருந்தது. பல வருடம் அபா சாயலில் பாடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு வந்தவர், கடைசியில் நிஜமான அபா பாட்டையே பாடிக் காட்டினார். நன்றாகவும் பாடியிருக்கிறார்.

பிரார்ட் தொலைக்காட்சிக்குப் போய், அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த முகமாகிவிட்டார். மார்கா 1989ல் இரண்டு புதிய பாடகிகளைச் சேர்த்துக்கொண்டு லவ் பெயரை மறுபடி எடுத்தார், பெரிதாகப் போகவில்லை. பழைய மூவரும் 1993ல் பழைய ஹிட்டுகளைக் கோத்துச் செய்த ஒரு மெகாமிக்ஸுக்காகச் சேர்ந்தார்கள். பிற்பாடும் அவ்வப்போது சேர்வதும் பிரிவதுமாக இருந்தார்கள்.

அவர்கள் திறந்த கதவு வழியாக மற்றவர்கள் வந்தார்கள். ‘பேப்’ என்ற மூவர் குழு, ‘ஸ்டார் சிஸ்டர்ஸ்’, எல்லோரையும் விட நீடித்து நின்ற ‘டாலி டாட்ஸ்’. டாலி டாட்ஸில் ஆறு பெண்கள். 1979ல் தொடங்கி 1988 வரை இருந்தார்கள், 1983ல் ‘லவ் மீ ஜஸ்ட் எ லிட்டில் பிட் மோர்’ பாட்டோடு முதலிடம் பார்த்தார்கள். ஆறு பேர் இருந்ததால் ஒருவர் விலகியபோதும் குழு நின்றது, மீதி ஐந்து பேரும் தொடர்ந்து பாடினார்கள். லவ்வுக்கு அந்த வசதி இல்லை. டாலி டாட்ஸ் 2007ல் மறுபடி ஒன்றுசேர்ந்து மேடையேறினார்கள். அவர்களில் ஒருவரான ரியா பிரீஃபிஸ் 2009ல் காலமானார். லவ்வுக்குத் திறக்காத பிரிட்டனின் கதவு 1985ல் ‘மை தாய்’ என்ற நெதர்லாந்தின் மூவர் குழுவுக்குத் திறந்தது. ‘ஹிஸ்டரி’, ‘பாடி அண்ட் சோல்’ என்ற இரண்டு பாட்டும் அங்கே டாப் 10க்குள் போயின. அவர்களின் இசை முற்றிலும் வேறு, சோல் நடன இசை. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நண்பர் கடைசியாக, எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்றும் கேட்டிருந்தார். ‘கிரேட்டஸ்ட் லவர்’ ஏற்கனவே கேட்டாயிற்று, அதனால் ‘யூ.ஓ.மீ’க்குப் போங்கள். முடிந்தால் பழைய தொலைக்காட்சிப் பதிவில் ஆட்டத்தோடு பாருங்கள். அடுத்து ‘ட்ரோஜன் ஹார்ஸ்’, அதைக் கொஞ்சம் சத்தமாக வைத்து. பிறகு ‘ஆன்-மரியா’. அது முடிந்ததும் உடனே ஹூபேயின் ‘ஐ வில் ஃபாலோ ஹிம்’ போடுங்கள். முதல் வரியிலேயே, இவ்வளவு நேரம் கோரஸின் நடுவில் நின்ற அந்தக் குரலை உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.